அதிகாரி வருகிறார் என்று கிணற்றைக் கழுவினேன்

எங்கள் கிணற்றில் பெட்ரோலைக் கலந்தவர் பக்கத்து பங்க் முதலாளி. அதற்கு இருந்த சாட்சியை ஒழித்துக் கட்டியவள் நான். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டால் அவர் உடனே மற்றதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் எங்கள் நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் பங்க். மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றி வரும் வண்டிகளெல்லாம் அங்கேதான் நிற்கும். போன கோடையில் எங்கள் கிணற்று நீரின் மேல் வண்ணவண்ணமாக ஒரு படலம் மிதக்க ஆரம்பித்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குடிக்க, சமைக்க, வேர்க்கடலைக்குப் பாய்ச்ச எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரு கிணறுதான். நேராக முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"கெணத்த தூர் வாராம பாசி புடிக்க வுட்டுட்டு, எம் பங்க் மேல பழி போட்றியாமா?" என்றார், நாலு பேர் எதிரில்.

பாசியில் எப்படி ஐயா பெட்ரோல் நாற்றம் வரும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். (எனக்குச் சரியான பதில் எப்போதும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வரும்.) மனு மேல் மனு போட்டேன். கடைசியில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் பக்கம் பெரிய அதிகாரி வந்தால் ரோட்டைப் பெருக்கி, இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். ரோட்டுக்கே அந்த மரியாதை என்றால், பார்க்க வருகிற கிணற்றுக்கு? அதோடு அந்தப் பாசிப் பேச்சு வேறு குத்திக்கொண்டே இருந்தது. அதிகாரியும் அதையே சொல்லிவிட்டால்?

"இன்னாத்துக்கு அண்ணி இவ்ளோ வேல? பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றான் என் கொழுந்தன் ஏழுமலை.

"நீ மூடிக்கினு கயித்தப் புடி."

அதிகாரி வரும் நாள் காலையிலேயே ஆரம்பித்தோம். மேலே மிதந்த படலத்தை வாளி வாளியாக மொண்டோம். அதை என் நிலத்தில் ஊற்ற மனம் வரவில்லை. அவர் சரக்கு அவருக்கே போகட்டும் என்று வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். வாளிக்கு ஒரு வசவு. பிறகு மோட்டார் போட்டு அடித்தண்ணீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறிய நீரில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டினேன்.

மதியம் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள். கிணற்றோரம் நின்று மூச்சை இழுத்தார்.

"பெட்ரோல் வாசனைன்னு மனு குடுத்தது நீங்கதானே? எனக்கு நீச்சல் குளம் வாசனதான் வருது."

"நீங்க வர்றீங்கன்னு கழுவி வெச்சோம் மேடம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கையிலிருந்த காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "மேல மிதந்ததத்தாம்மா நான் எடுக்க வந்தேன்."

ஏழுமலை மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

சரி, மண்ணாவது இருக்கிறதே என்று நினைத்தேன். அதிகாரியோடு வந்த ஆட்கள் வேலியோரம், பங்க் பக்கத்தில் துளை போட்டார்கள். மண் மேலே வந்ததுமே நாற்றம் மூக்கில் ஏறியது. "பார்த்தீங்களா மேடம்!" என்று குதித்தேன். அங்கே வந்து நின்றிருந்த முதலாளி குதிக்கவில்லை. நிதானமாகச் செல்போனை எடுத்து நீட்டினார். பங்க் கேமராவின் பதிவு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டியபடி, ஒரு பொம்பளை வாளி வாளியாக அவர் மண்ணில் வீசிக்கொண்டிருந்தாள். (தலைமுடி வேறு பேய் மாதிரி.)

"நான் ஊத்தல மேடம். இந்தம்மாதான் பெட்ரோல ஊத்திச்சு. நீங்களே பாருங்க."

நீரும் கெட்டது, மண்ணும் கெட்டது, சோதனைக்கு எதுவும் உதவாது என்று மனுவை முடித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் படலம் திரும்பி வந்தது. இப்போது கேன் தண்ணீர் குடிக்கிறோம். மாடுகள் கலசப்பாக்கத்தில் அக்கா வீட்டில் நிற்கின்றன. எனக்கு உடம்பு சுட்டால் போதும், ஏழுமலை வாசலில் நின்று கத்துகிறான்: "அண்ணி, டாக்டராண்ட போறதுக்கு முன்னாடி காய்ச்சல கழுவி எறக்கிட்டுப் போங்க!" வீடே சிரிக்கிறது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

அந்த வீடியோவை முதலாளி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். நானும் பல தடவை பார்த்துவிட்டேன். இந்த முறையும் பதில் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

முதலாளி, அந்த வாளியில் இருந்தது பெட்ரோல் என்று அதிகாரியிடம் நீங்களே உங்கள் வாயால் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர வண்டி கிடையாது. நான் அதை மொண்டது என் கிணற்றில். அது எப்படி என் கிணற்றுக்குள் வந்தது? அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். அந்த வீடியோவையே போட்டுக் காட்டுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். முடிந்ததும் மைக்கைப் பிடித்து, ஊர் எதிரில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.