என்னோடு நானே பேசிய பேரம்

நான் வரைந்த படத்துக்கு நானே விலை சொல்ல வேண்டும் என்றால் எனக்குச் சொல்லவே வராது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கத்தையெல்லாம் திருப்பதியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனிலேயே செலவழித்துவிட்டேன்.

அப்போது நாங்கள் ரேணிகுண்டாவுக்குக் குடிவந்த புதிது. கணவர் மோகனுக்கு அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில், செல்போன் பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தேன். கண் வலி வந்தது. ‘ஒரு வருஷம் படம் வரைஞ்சி பாக்கறேன், சரிப்படலன்னா திரும்பப் போயிடறேன்’ என்று வேலையை விட்டேன்.

வருஷத்தில் முக்கால்வாசி போய்விட்டது. நிறைய வரைந்தேன். ஆனால், விற்றது என்று ஒன்றுகூட இல்லை. யாராவது “எவ்ளோ?” என்று கேட்டால், “அட, உங்ககிட்ட போயி...” என்று இழுப்பேன். நான் இழுத்து முடிப்பதற்குள் படம் அவர்கள் பைக்கில் ஏறிவிடும். குடிபாலாவில் என் மாமியார் வீட்டுத் தெருவில் என் படம் தொங்காத வீடே இல்லை. காசு கொடுத்த வீடும் இல்லை. (ஒருவர் மட்டும் இரண்டு தேங்காய் கொடுத்தார். உடைத்துப் பார்த்தால் இரண்டும் அழுகல்.)

இந்த நிலைமையில்தான், திருப்பதியில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதலாளி ஆள் அனுப்பினார். ரிசப்ஷன் சுவர் முழுக்க மலையும் பனியுமாக வரைய வேண்டுமாம். நேரில் வந்து ரேட் பேசச் சொன்னார்.

மோகன் எனக்குப் பயிற்சி கொடுத்தார். நாற்காலியில் முதலாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“நாப்பதாயிரம்னு சொல்லு.”

“ஜாஸ்தி இல்லயா?”

“இன்னா ஜாஸ்தி? ரெண்டு ஆள் ஒசரம் அந்தச் செவுரு. சாரத்து மேல நின்னுகினு வரையப்போற. நாப்பதுன்னு சொல்லு, சொல்லிட்டு வாய மூடிக்கோ.”

“அவரு ஒண்ணும் பேசலன்னா?”

“நீயும் பேசாத. தப்பா போனா நான் கால மிதிக்கிறேன்.”

மறுநாள் காலை லாட்ஜுக்குப் போனோம். வேலை இன்னும் முடியவில்லை. ரிசப்ஷனில் கவுன்ட்டர் மட்டும் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னார். தானும் ஒரு மேசையோரம், வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

“செப்பண்டி அம்மா, ரேட்டு எந்த?” என்று தெலுங்கில் விலை கேட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாத பக்கத்துக் காதை லேசாகச் சொறிந்துகொண்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “நாப்பதாயிரம் சார்.”

“சால எக்குவ,” என்றார் சுவரைப் பார்த்து. ரொம்ப அதிகமாம்.

பேசாமல் இருந்திருக்கலாம். “முப்பத்தஞ்சு சார்,” என்றேன்.

“லேது, லேது. மார்க்கெட்ல ஆ ரேட்டே லேது.” மார்க்கெட்டில் அந்த ரேட்டே இல்லையாம்.

மோகன் என் காலை மிதித்தார். இன்னும் குறைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று, “முப்பது,” என்றேன்.

“மொன்ன பம்பிஞ்சிந்தே பகிலிப்போயிந்தி!” போன தடவை அனுப்பியதே உடைந்துபோயிற்றாம். நான் அனுப்பியது வாட்ஸப்பில் சில படங்கள். அவை எப்படி உடையும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

“மன்னிச்சிக்குங்க சார். இருபது.”

மோகன் மறுபடி மிதித்தார், இந்தத் தடவை குதிகாலால். “பதினஞ்சு,” என்று அலறினேன். “பெயிண்ட் செலவும் என்னோடது!”

முதலாளி மேசையைத் தட்டினார். “ஃப்ரீகா இச்சினா நாக்கொத்து!” சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சார், சும்மாவே வரைஞ்சி குடுக்கறேன் சார். ஒரு தடவ பாருங்க சார்.”

அப்போதுதான் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். காதிலிருந்து சின்னதாக, வெள்ளையாக எதையோ கழற்றி மேசைமேல் வைத்தார்.

“சாரி அம்மா, போன்ல டைல்ஸ்காரன். லோடு லோடா ஒடஞ்சதையே அனுப்பறான். நீங்க சொன்னது ஒண்ணும் காதுல விழல. ரேட்டு எந்த?”

கவுன்ட்டர் பெண் ஏதோ கீழே விழுந்ததுபோல் குனிந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மோகன் கூரையைப் பார்த்தார். அங்கே ஃபேன்கூட இல்லை, ஒயர்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, “நாப்பதாயிரம்,” என்றேன்.

“சரே,” என்றார்.

அவ்வளவுதான். பேரம் இல்லை, முகச்சுளிப்புகூட இல்லை. அந்த நிமிஷமே எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால், இறங்கிப் பழகிய வாய் நிற்கவில்லை.

“ஜாஸ்தின்னா கொறச்சிக்கலாம் சார்.”

மோகனின் கால் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. முதலாளி என்னை வியப்போடு பார்த்தார். காலையெல்லாம் டைல்ஸ்காரனோடு மல்லுக்கட்டியவருக்கு நான் தேவதையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“அயித்தே முப்பத்தஞ்சு,” என்றார் சிரித்துக்கொண்டே. அப்படியென்றால் முப்பத்தைந்தாம்.

திரும்பும் பஸ்ஸில் நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழி வரை மோகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம், “ஒரே ஒரு வார்த்த. அஞ்சாயிரம். நம்ம ஜில்லாவுலயே ஒசத்தியான பேச்சு உன்னுதுதான்,” என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் மற்ற சுவர்கள் வந்தன. பூதக்கண்ணாடிக்குத் திரும்பிப் போகவில்லை. ஆனால், குடிபாலாவில் இன்றைக்கும் நான் எதற்காவது வாயைத் திறந்தால் மாமியார், “மூடிக்கோமா, அஞ்சாயிரம் போயிடப்போவுது,” என்பார். மோகன் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ரேட் சொன்ன உடனே நான் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். எதிராளி பதில் சொல்கிறவரை விழுங்கக் கூடாது.

போன மாதம் சித்தூரிலிருந்து ஒரு டாக்டர், கிளினிக் சுவருக்காக வந்திருந்தார். ரேட் சொன்னேன், தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் உப்பிய கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்க்க வந்தார்.

மோகன்தான் இடையில் புகுந்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டர். சரின்னு சொல்லுங்க, முழுங்கிடுவா.”