லாப்போவின் மூக்கு

அந்த வாரம் தேவாலயத்தில் எங்கள் படத்தின் முன்னால் நின்றவர்கள் நால்வர். எங்கள் பியான்கார்தி குடும்பத்தின் மூத்தவர் எர்மெதே, அவர் தங்கை ஒர்த்தென்சியா, அவள் மகனும் பழைய படங்களைச் செப்பனிடுபவனுமான நெல்லோ, பங்குத்தந்தை செல்சோ. எங்களுக்குப் பரம்பரைப் பகையாளிகளான ஸ்ட்ராமாச்சி வீட்டார் யாரும் அங்கே இல்லை. பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் மாதா, குழந்தை, இரண்டு புனிதர்கள். கீழ் மூலையில் முழந்தாளிட்டிருப்பவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் காணிக்கையாக வைத்த எங்கள் லாப்போ. அந்தப் பெரிய மூக்கு இன்றும் எங்கள் எல்லோர் முகத்திலும் இருக்கிறது.

வரைந்தது மாபெரும் ஓவியர் வன்னோவா, அவருடைய சீடர்களா என்பதுதான் நெடுநாள் வழக்கு. தீர்ப்புச் சொல்ல ஃப்ளோரன்ஸிலிருந்து ஓவிய நிபுணர் டாக்டர் ஃபாபியானி சனிக்கிழமை வருவதாக இருந்தது. வன்னோ என்றால் பெரிய அருங்காட்சியகத்தில் எங்கள் பெயரோடு தொங்கும். இல்லையென்றால் ஸ்ட்ராமாச்சிகள் சிரிப்பார்கள்.

வியாழக்கிழமை நெல்லோ விளக்கைச் சாய்த்துப் பிடித்தான்.

"மாமா, லாப்போவுக்கு அடியில தரைக்கல்லோட கோடு ஓடுது. படம் முடிஞ்சப்புறம் யாரோ இவரை மேல வரைஞ்சிருக்காங்க."

"பியான்கார்தி யாரும் எங்கயும் நடுவுல நுழைஞ்சது கிடையாது."

"ஒட்டுவேலை, வன்னோ படமில்லன்னு அந்த டாக்டரம்மா பாத்ததும் சொல்லிடுவாங்க. ஒண்ணு வன்னோ, இல்ல லாப்போ. ரெண்டு பேரும் சேந்து கிடைக்க மாட்டாங்க."

எர்மெதே வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். "குடும்ப மானத்துக்காக உயிரையே கொடுத்திருப்பாரு. மூக்கைக் கொடுக்க மாட்டாரா? அழிடா."

லாப்போ லேசில் கரையவில்லை. நெல்லோ மருந்தில் நனைத்த பஞ்சைத் தேய்த்துத் தேய்த்துக் கை சோர்ந்தான். கடைசிவரை நின்றது மூக்குதான்.

"பிடிவாதத்தைப் பாத்தியா," என்றார் எர்மெதே பெருமையாக.

மூக்குக்கு அடியில் இன்னொரு மூக்கு வந்தது. ஒல்லியானது. தோளில் மூன்று மீன் சின்னம்.

"மீன்," என்றார் பங்குத்தந்தை.

"தெரியுது ஃபாதர்."

"ஸ்ட்ராமாச்சி மீன்."

"அதுவும் தெரியுது."

ஸ்ட்ராமாச்சி வீட்டார் யாரும் இல்லை என்றேன். உயிரோடு யாரும் இல்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

"மூடுடா," என்றார் எர்மெதே.

"எதால மாமா?"

"லில்லிப் பூவால. மாதா பக்கத்துல லில்லி இருந்தா யார் கேக்கப் போறா?"

பூ முகத்தை மறைத்தது, மீன் தெரிந்தது. இலை மீனை மறைத்தது, கால் நீட்டிக்கொண்டிருந்தது. காலுக்காக ஒரு தொட்டி வைத்தார்கள். முடித்துப் பார்த்தால் மாதாவைவிடச் செடி பெரிதாக நின்றது.

சனிக்கிழமை வந்த ஃபாபியானி மாதாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தார். பையிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தார்.

"லாப்போ எங்க?"

"பின்னாடி வந்த ஒட்டுவேலை டாக்டரம்மா. எடுத்துட்டோம்."

"பின்னாடிதான். ஒரு வருஷம் பிந்தியிருக்கும். இந்த இலைக்கு அடியில தெரியுற மீன்காரங்க பணம் கட்டாம நடுவுல கைவிட்டுட்டாங்க போல. சுலபமா கரைஞ்சாரா?"

"இல்லைங்க," என்றான் நெல்லோ, தரையைப் பார்த்து.

"கரைய மாட்டாரு. அந்தக் காலத்துச் சாயம்." புகைப்படத்தில் லாப்போவின் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "வன்னோ இடதுகைக்காரர். அவர் தூரிகைக் கோடு எதிர்ப்பக்கமாச் சாயும். மாதா, குழந்தை, புனிதருங்க எல்லாம் சீடங்க வேலை. இந்தக் கன்னமும் மூக்கும் மட்டும்தான் அவர் கை. அதைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

எர்மெதே தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாரோ இறந்த வீட்டில் நிற்பதுபோல, தொட்டியின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வருகையில் ஸ்ட்ராமாச்சி வீட்டு அம்மாள் படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஒர்த்தென்சியா, உங்க படம் போலின்னு ஃப்ளோரன்ஸ்காரி சொல்லிட்டாளாமே?"

அந்த வாரம் முழுக்க வாயே திறக்காத ஒர்த்தென்சியா கையுறையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"பொய். வியாழக்கிழமை வரைக்கும் அசல்தான்."