என்மீது ஒரு வழக்குப் போடவும்

காப்பெல், டெக்ஸாஸ்
ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை சேனாபதிக்கு,

உன் அக்காள் புருஷன் நஞ்சப்பன், சார்பதிவாளர் (ஓய்வு), நல்ல நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் குறைவில்லை என்று அறிகிறேன். ஏழு வருடமாக நமக்குள் பேச்சு இல்லாதபோது எப்படி அறிந்தேன் என்று நீ கேட்கலாம். உன் தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது, நீ முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டது, கோபி ஆஸ்பத்திரியில் டாக்டரோடு சண்டை போட்டது எல்லாம் எனக்கு அன்றன்றைக்கே தெரியும். உன் அக்காள் துணி மடிப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு அறை அளவுக்கு இருக்கும் துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு போனில் பேசுகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கக் கொடுத்த ஆறு மாதம் ஆகஸ்ட் பத்தொன்பதோடு முடிகிறது. கயலுக்குப் பிரசவம் செப்டம்பர் நடுவில். மசக்கையில் மருமகளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று பிப்ரவரியிலேயே ஓடி வந்ததன் பலன் இது. பொறுமையாக ஏப்ரலில் வந்திருந்தால் கணக்குச் சரியாக இருந்திருக்கும். கயலுக்கு அம்மா இல்லை என்பது உனக்குத் தெரியும். "அத்தை, நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், எனக்கு வேற யாரும் வேண்டாம்" என்று அந்தப் பெண் உன் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன நாளிலிருந்து, எப்படியாவது இன்னும் ஆறு மாதம் வாங்கியே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் மகன் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக விண்ணப்பித்தால் நீட்டித்துக் கொடுப்பார்களாம். விண்ணப்பம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வருடம் அந்த வேலையைத்தானே செய்தேன்?

சபரி, "அப்பா, அதெல்லாம் ஆன்லைன்ல நானே ஃபில் பண்ணிடறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றான். நீ கம்ப்யூட்டரில் கட்டம் நிரப்பு, உடன் வைக்கும் மனுவை நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். ஒருவர் வீட்டில் இருந்துகொண்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று கேட்கும்போது முதலில் அந்த வீட்டை நாலு வார்த்தை புகழ்வதுதானே மரியாதை? ஆகவே, தங்கள் நாட்டின் சாலைகள் அகலமானவை, குழாய்த் தண்ணீர் தடையின்றி வருகிறது, மகனும் மருமகளும் எங்களைத் தாங்குகிறார்கள், இங்கேயிருந்து கிளம்ப எங்களுக்கு மனமே வரவில்லை என்று உருக்கமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டுக் கொடுத்தேன். சபரி வாசித்தான். தலையில் கைவைத்துக்கொண்டான். "ஏம்ப்பா, கிளம்ப மனசில்லைன்னு எழுதிக் கொடுத்தா எந்த ஆபீசராவது எக்ஸ்டெண்ட் பண்ணுவானா? கண்டிப்பா ஊருக்குப் போயிருவோம்னு நாம ப்ரூவ் பண்ணோணும்ப்பா!" இருக்க அனுமதி கேட்கிறவன் போய்விடுவேன் என்று நிரூபிக்க வேண்டுமாம். இப்படி ஒரு நடைமுறையை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. பக்கத்தில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த பேத்தி வெண்பா, "தாத்தா, ஆர் யூ கோயிங் டு பி இல்லீகல்?" என்று கேட்டாள். ஐந்து வயது. கோடை வகுப்பிலும் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் சபரிக்குப் போன் செய்து, எல்லாம் ஓகேதானா என்று மிக அன்பாக விசாரித்தாராம்.

காலையில் இங்கே பூங்காவில் ஏரியைச் சுற்றி நடப்பேன். கூட நடக்கிறவர் அச்சுதன் என்று ஒரு மயிலாப்பூர்க்காரர், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்கு ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறார். எல்லாம் தெரிந்த மனிதர். அவரிடம் சொன்னேன். "சார், டைஸ் காமிக்கணும் சார், டைஸ்! ஊர்ல உங்களை இழுத்துக் கட்டிப் போட்டிருக்கிற மாதிரி ஸ்ட்ராங்கா ஏதாவது ஒரு டாக்குமெண்ட். வீடு, நிலம், உங்க பேர்ல என்ன இருக்கோ அதை அட்டாச் பண்ணிடுங்கோ" என்றார். நிலமா? நான் சிரித்தேன். நஞ்சப்பனிடம் போய் நிலத்துக்குக் காகிதம் கேட்கிறார்களே என்று விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்து பத்திர நகல்களை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

பரப்பின பிறகுதான் தெரிந்தது. என் பேரில் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற வருடம், பிள்ளைகளுக்குள் பின்னால் சண்டை வரக்கூடாது என்று வீட்டையும் வெள்ளாமைக் காட்டையும் சபரிக்கும் அவன் தங்கைக்கும் நானே தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்து கொடுத்தேன் அல்லவா? அந்தப் பத்திரத்தைப் போல் ஓட்டை இல்லாத பத்திரத்தை நம் ஜில்லாவில் யாரும் எழுதியதில்லை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'மேற்படி சொத்துகளில் இன்று முதல் எனக்கு யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது' என்று என் கைப்படவே எழுதியிருக்கிறேன். அதைச் சபரி உரக்க வாசித்தான். உன் அக்காள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஏனுங்க, இதையக் கொண்டுபோய் அந்த ஆபீசருகிட்டக் குடுத்தா, இந்த மனுசனுக்கு ஊருல குந்தறதுக்கு இடமில்லீன்னு பாவப்பட்டு இங்கயே வெச்சுக்குவானுங்க" என்றாள். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் அதிகம் சிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் அசரவில்லை, மாப்பிள்ளை. பத்திரத்தைத் திரும்ப ஒருமுறை வரி வரியாகப் பார்த்தேன். ஒரே ஒரு துண்டை மட்டும் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எதுவென்று உனக்கே தெரியும். என் காட்டின் வடபுறம், உன் தென்னந்தோப்புக்குப் போகிற எட்டடித் தடம். நான் கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டு அடைத்த அதே தடம். தகராறில் இருக்கிறதைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது என்று என் பேரிலேயே வைத்துக்கொண்டேன். நான் ஓய்வு பெற்றபோது வைத்த விருந்தில் நீ என்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாய் என்பதற்காக நான் வேலி போட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது சுத்தப் பொய். சர்வேப்படி செய்தேன், அவ்வளவுதான். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

அங்கேதான் எனக்கு யோசனை உதித்தது. வெறும் எட்டடித் தடத்தை எந்த ஆபீசரும் மதிக்கமாட்டார். ஆனால் அந்தத் தடத்தின் பேரில் கோபி முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தால்? பிரதிவாதி நஞ்சப்பன் ஆஜராக வேண்டும் என்று ஒரு சம்மன் இருந்தால்? வீட்டை விட்டுவிட்டு ஒருவன் வெளிநாட்டில் உட்கார்ந்துவிடலாம், மனைவி மக்களைக்கூட விட்டுவிடலாம், வரப்பு வழக்கை விட்டுவிட்டு நம் பக்கத்து ஆள் எவனாவது எங்கேயாவது தங்கியிருக்கிறானா? இதைவிடப் பலமான கட்டு உலகத்தில் கிடையாது. கயல் மட்டும், "மாமா, கேஸ் இருக்குன்னு தெரிஞ்சா உங்களை ஜெயிலுக்குப் போறவர்னு நெனச்சுக்குவாங்களே" என்று கவலைப்பட்டாள். சிவில் வழக்கு கௌரவமானது அம்மணி, அது சொத்து உள்ளவனுக்கு மட்டும் வருவது என்று விளக்கினேன்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கண்டதும் தாமதிக்காமல் நீ என்மீது வழக்குப் போட வேண்டும். காகிதத்துக்காகத்தான். குழந்தை பிறந்து நாங்கள் ஊர் வந்ததும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். உன் வக்கீலை நம்பி விட்டுவிடாதே. அந்த ஆள் போன தடவை எனக்கு அனுப்பிய நோட்டீஸில் சர்வே எண்ணே தப்பு. நான் சொல்கிறபடி எழுதச் சொல். வாதியின் தகப்பனார் காலம்தொட்டு நாற்பது வருடத்துக்கு மேலாக யாதொரு தடையுமின்றி இந்தத் தடத்தில் மாட்டு வண்டியும் பிறகு டிராக்டரும் போய்வந்திருக்கின்றன என்று தொடங்க வேண்டும். பிரதிவாதி கல்கால் நட்டு அடைத்த தேதியைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து வாதி ஒவ்வொரு வெட்டுக்கும் தேங்காயைத் தலைச்சுமையாக வாய்க்கால் மேடு சுற்றிக் கொண்டுவருவதையும், போன பங்குனியில் வழுக்கி விழுந்து முழங்கால் போனதையும் சேர்க்க வேண்டும். இது மிக முக்கியம், நீதிபதி மனம் இளகும் இடம். சாட்சிக்கு மாரிசாமியைக் கூப்பிடு, எனக்குக் காட்டை விற்றவன் அவன்தான், பொய் சொல்லமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் எனக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கு. 1991ஆம் வருடம், ஆவண எண் 1147. அதை நீ பார்த்ததே இல்லை. மூன்றாம் பக்கத்தில், நான்கெல்லைக்குக் கீழே, 'வடபுறம் உள்ள எட்டடித் தடத்தில் சேனாபதியின் தகப்பனாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் ஆள், கால்நடை, வண்டி, வாகனம் போகவர என்றென்றைக்கும் பாத்தியம் உண்டு' என்று இருக்கும். அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். எந்தக் கோர்ட்டிலும் அதை அசைக்க முடியாது.

வழக்கு எண் கிடைத்ததும் படம் பிடித்துச் சபரியின் போனுக்கு அனுப்பிவை. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தோப்பு செழிக்கட்டும், வெள்ளை ஈ ஒழியட்டும், உன் முழங்கால் பழையபடி ஆகட்டும். எல்லாம் நல்லபடியாக முடியும், கவலைப்படாதே. காரியத்தை நான் கையில் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரதிவாதி
நஞ்சப்பன்

பி.கு.: இன்று காலை சபரி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வந்தவன், நின்றபடியே முழுக்க வாசித்துவிட்டு, "அப்பா, அப்ளிகேஷனை நான் போன வியாழக்கிழமையே சப்மிட் பண்ணிட்டேன்" என்றான். என் பென்ஷன் உத்தரவு, திரும்பிப் போக எடுத்த டிக்கெட், கயலின் டாக்டர் கொடுத்த கடிதம், அவ்வளவுதான் வைத்திருக்கிறான். ரசீது வந்துவிட்டது. முடிவு தெரியும்வரை நாங்கள் இங்கேயே இருக்கலாமாம், பிரசவத்துக்கு உன் அக்காள் பக்கத்தில் இருப்பாள். என் மனுவை அவன் அனுப்பவே இல்லை. ஆகையால் வழக்கு தேவையில்லை.

ஆனால் அவன் போன பிறகு நான் மேலே எழுதியதைப் பதிவுக்கு வந்த அந்நியன் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை வாசித்தேன், மாப்பிள்ளை. அந்த வாதி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பிரதிவாதி ஒரு பொய்யன். "மச்சானுக்கு இனி ஆபீசும் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை" என்று விருந்தில் நாலு பேர் முன்னால் நீ சிரித்தாய். எனக்கு வலித்தது. மறுவாரமே கல்காலை நட்டேன். சர்வேயும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ சுமை தூக்கி விழுந்தாய் என்று அலமாரிக்குள்ளிருந்து உன் அக்காள் அழுதது கேட்டபோதும் நான் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிப் போனேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

நாளைக்கே ஆள் வைத்துக் கல்காலைப் பிடுங்கி, வண்டியை விடு. இந்தக் கடிதத்தை உன் போனிலிருந்து அழித்துவிடு. ஆவண எண் எழுதியிருக்கிற பக்கத்தின் படத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். என் குணம் எனக்குத் தெரியும். ஊருக்கு வந்தபின் எனக்கு மறுபடி வீம்பு தலைக்கேறினால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே வழக்குப் போடு. நீதான் ஜெயிப்பாய்.