டாக்டர் டட்டன் இன்னும் முடிவெடுக்கவில்லை

“பஸ் ஓடணுமா, நிக்கணுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, செனட்டர்.”

உலக ஜனநாயகத்தின் மிக நுட்பமான தராசு என்று அமெரிக்கப் பத்திரிகைகள் போற்றும் மாநிலச் சட்ட மேலவையான செனட்டின் பதினேழாம் தொகுதியில், இப்படியொரு அநாகரிகம் இதற்கு முன் நிகழ்ந்ததே இல்லை. கேட்டவள் யெசேனியா குயின்டனா. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள்; அரசியல் படித்தும் அரசியல் தெரியாதவள். செனட்டர் மெரிடித் கான்க்ளினுக்காக வீடு வீடாகக் கதவு தட்டும் படைக்கு அவள்தான் பொறுப்பு. வேலையில் சேர்ந்த அன்றே பிரச்சார மேலாளர் பிராடி வாஸ் அவளுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லியிருந்தான்: “செனட்டர்கிட்ட எது வேணா கேளு. ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியை மட்டும் கேட்டுடாதே.”

நகப்பூச்சுக் கடைக்கும் மூடிப்போன மெத்தைக் கடைக்கும் நடுவிலிருந்த அந்தத் தேர்தல் அலுவலகத்தில் டோனட் மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செனட்டர் புன்னகைத்தார். போன தேர்தலில் ஒரு பள்ளிப் பேருந்துக்குள் அடங்கிவிடும் அளவு வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். அன்றிலிருந்து எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும் கலையைப் பயின்று, இப்போது புயலடித்தாலும் நேராகவே நிற்கிறார்.

“எண்பத்தெட்டாம் நம்பர் பஸ் விஷயத்துல ரெண்டு பக்கமும் உணர்வுகள் இருக்கு, யெசேனியா. நான் காது குடுத்துக் கேட்டுட்டு இருக்கேன்.”

“நாலு வருஷமா கேட்டுட்டு இருக்கீங்க. புது வருஷத்தோட பஸ் நின்னுடும். எங்கம்மா நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துல துணி துவைக்கிறாங்க. கார் கிடையாது. அந்த ரோட்டுல நடைபாதையும் கிடையாது. பறந்து போகச் சொல்றீங்களா?”

“கோபப்படாதே யெசி,” என்றான் பிராடி. “‘பஸ்’ங்கிற வார்த்தைதான் பிரச்சினை. ஆளுங்களை உட்கார வச்சு சோதிச்சுப் பார்த்துட்டோம். ‘பயணச் சுதந்திரம்’னு சொன்னா எல்லாருக்கும் பிடிக்குது.”

“பயணச் சுதந்திரம் எத்தனை மணிக்கு வரும்? எந்த நிறுத்தத்துல ஏறணும்?”

இத்தகைய நெருக்கடிகளில் வழிகாட்டவென்றே தொகுதிக்கு ஒரு மாமனிதர் வாய்த்திருந்தார். பல் வரிசை சீர்செய்யும் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் வெண்டல் டட்டன். மூன்று செனட் தேர்தல்களாக ‘இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்’ என்ற உயர் பதவியை வகிப்பவர். இலையுதிர் காலத்தில் அவர் முற்றத்து இலைகளை ஒரு கட்சி வாரும். இன்னொரு கட்சி மூட்டை கட்டும். பனி பெய்தால் ஒன்று பனியை வெட்டி வழி செய்யும். மற்றது வழுக்காமலிருக்க உப்புத் தூவும். பூனைப் பிரியரான செனட்டர் நாய் வளர்க்கத் தொடங்கியதே டாக்டர் ஒருமுறை நாயைப் பார்த்துச் சிரித்ததால்தான். அன்றைய கூட்டத்தில் அவர் சிறப்பு விருந்தினர். முன்வரிசையில் ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தார்.

“டாக்டர், பஸ் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று செனட்டர் குனிந்து கேட்டார்.

“பஸ்ஸா? நம்ம ஊர்ல ஓடுதா?”

‘சமநிலையான பார்வை’ என்று பிராடி குறித்துக்கொண்டான்.

“ஒரு பக்கம் பார்த்தா ஏழைங்களுக்கு வேணும்தான்,” டாக்டர் தொடர்ந்தார். “இன்னொரு பக்கம் பார்த்தா, அது ஓடினா என் ஜன்னல்ல தெரியுமே.”

யெசேனியா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். “போன தடவை யாருக்கு ஓட்டுப் போட்டீங்க, டாக்டர்?”

“யெசி!” பிராடி அலறினான். “அது அவர் உள்ளாடை என்ன நிறம்னு கேக்குற மாதிரி!”

“விடுப்பா, பொண்ணு ஆசையா கேக்குது,” என்றார் டாக்டர். “யாருக்கும் போடலை.”

“ஓட்டுச்சாவடிக்குப் போனதா வாக்காளர் பட்டியல்ல இருக்கே?”

“ஒரு தடவைகூடத் தவறினதில்லையே! நீதிபதி, பள்ளி வாரியம்னு அந்தச் சீட்டுல இருக்குற எல்லாத் தேர்தலுக்கும் போடுவேன். செனட் வந்ததும் அந்த இடத்தை மட்டும் காலியா விட்டுடுவேன். முடிவெடுத்துட்டேன்னு வை, அப்புறம் என் முற்றத்துக்கு யாரு வருவா?”

பிராடி துள்ளி எழுந்தான். “அப்படின்னா நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு!”

செனட்டர் தம் கையாலேயே டாக்டருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

யெசேனியா எழுந்தாள். “வில்லோ க்ரீக் அடுக்கு மாடியில எட்டுக் கட்டடம். எண்பத்தெட்டுல ஏறுறவங்க முக்கால்வாசிப் பேரு அங்கதான். ஒரு கதவைத் தட்ட விட்டீங்களா?”

“அங்க யாரும் ஓட்டுப் போடுறதில்ல யெசி. அதான் நாம போறதில்ல.”

“நாம போறதில்ல. அதான் அவங்க போடுறதில்ல.”

“பார்த்தியா,” செனட்டர் முகம் மலர்ந்தது. “இதுலயும் ரெண்டு பக்கம் இருக்கு!”

யெசேனியா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி டோனட் பெட்டிக்குள் போட்டாள்.

“எங்க கிளம்பிட்டே?” என்றார் செனட்டர்.

“வில்லோ க்ரீக்குக்கு. ஓட்டுச்சீட்டுல உங்க பேருக்கும் எதிர்க்கட்சிக்காரர் பேருக்கும் கீழ ஒரு வெத்து வரி இருக்குல்ல, வேற யார் பேரையாவது எழுதிக்கலாம்னு? அதுல எழுத ஒரு பேர் சொல்லப்போறேன்.”

“யார் பேரு?”

“ஹெர்லிண்டா குயின்டனா. எங்கம்மா. நேத்தே ரெண்டு பேரும் போய் அவங்களை வேட்பாளராப் பதிவு பண்ணிட்டோம். இன்னைக்கு உங்ககிட்ட மரியாதைக்குத்தான் கேட்டேன்.”

செனட்டரின் புன்னகை நான்காண்டுகளில் முதன்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தது. “ஓட்டைப் பிரிக்கிறியா? அந்த ஆள் ஜெயிச்சிடுவான்! ஜெயிச்சா பஸ்ஸை நிறுத்திடுவான்!”

“அவனுக்கு எதுக்கு அந்தச் சிரமம்? நீங்க இருக்கும்போதே நிக்கப்போகுதே.”

கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பதினேழாம் தொகுதி சரிபாதியாகப் பிளந்து கிடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதுவதில் எள்ளளவும் பொய்யில்லை. இந்தப் பக்கம் பாதி, பஸ் ஏறாதவர்கள். அந்தப் பக்கம் பாதி, அவர்களும் பஸ் ஏறாதவர்கள். கணக்கில் வராத மிச்சப் பேரின் கதவுகளைத் தட்ட, நடைபாதை இல்லாத அந்தச் சாலையில் யெசேனியா இறங்கி நடந்தாள்.