மாமா பாறையும் அப்பா பாறையும்

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, நம் பெண் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, மனத்தாங்கல் எதுவும் இல்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெண் வேறொரு கிரகத்தில் ஓடும் ஆளில்லாத வண்டியை இங்கே அலுவலகத்தில் உட்கார்ந்தபடி ஓட்டுகிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்று உத்தரவு அனுப்பினால் நாளைக்குத்தான் படம் வரும். வழியில் எதிர்ப்படும் பாறைகளுக்கு அடையாளத்துக்காக இவர்களே பெயர் வைப்பார்களாம். போன வாரம் இவள் முறை. மணல் சரிவில் அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருந்த பெரிய பாறைக்கு 'மாமா' என்று உங்கள் நினைவாக வைத்துவிட்டு, அதன் காலடியில் கிடந்த கட்டைப் பாறைக்கு 'அப்பா' என்று வைத்திருக்கிறாள். சரி, போகட்டும் என்று விட்டேன். ஆனால் குளிர்காலம் வருவதற்குள் ஒரே ஒரு பாறையைத்தான் துளைத்துப் பார்க்க முடியுமாம், அதற்கும் உங்களையே தேர்ந்தெடுத்துவிட்டாள் என்றதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பெத்தவனை விட்டுட்டு மாமாவா?" என்று கேட்டேன். "அப்பா, அது பாறைப்பா" என்றாள். "பாறைதான், பேரு யாருதும்மா?" என்றேன். "மாமாகிட்ட தண்ணி நின்ன தடம் இருக்கலாம்பா. உங்ககிட்ட பார்க்க ஒண்ணுமே இல்ல" என்கிறாள். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை, "இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் வண்டி அனுப்பணுமாடி?" என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவுகிறாள். நான் ராத்திரி சாப்பிட வரவில்லை என்று படுத்துவிட்டேன். யாரும் வந்து கூப்பிடாததால் அப்புறம் நானே எழுந்து போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்களே பெரிய மனசு பண்ணி, "எனக்கு வேண்டாம்மா, அப்பாவைப் பாரு" என்று அவளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நம் பெண் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை. உங்களை நோக்கி ஏறிய வண்டி மணலில் வழுக்கிப் பின்னாலேயே சரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தால் பள்ளத்தில் புதைந்து, அவள் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் அதோடு சரி. பின்சக்கரம் என்மேல் முட்டி நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே வண்டியின் கை உங்களுக்கு எட்டுகிறதாம். "நீங்க மட்டும் அங்க இல்லேன்னா வண்டி போயிருக்கும்பா" என்று சொல்லி அழுதுவிட்டாள். அதனால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், போனும் பண்ண வேண்டாம். நீங்கள் நிம்மதியாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள், வண்டியை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.