ராகிக் கொல்லையில் ராஜா வேஷம்

என் மைத்துனன் முனிரத்தினம் ஒரு ஏமாற்றுக்காரன். ஊர் அவனை வாயில்லாப் பூச்சி என்கிறது. நான் நம்பவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

ஐம்பதுகளில் எங்கள் ஊர் ஜவளகிரிக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். யானை புகுந்து அழித்த கொல்லை ஒன்று வேண்டுமாம். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? முந்தின வாரம்தான் முனிரத்தினத்தின் ராகிக் கொல்லையை யானைகள் மிதித்துத் துவைத்திருந்தன. கேட்டார்கள், தலையாட்டினான். (என் மனைவியின் தம்பி. அவன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.)

பாழான பயிரைப் பார்க்கும் குடியானவனாக நிற்க உள்ளூர் ஆள் தேடினார்கள். தெருக்கூத்தில் பத்து வருஷமாக ராஜா வேஷம் கட்டுகிறவன் நான். என்னை விட்டால் யார்? தேன்கனிக்கோட்டை டூரிங் கொட்டகையில் என் முகம் தெரியப்போகிறது என்று மாமனார் வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"வரப்புல வந்து நில்லுங்க. கொல்லையைப் பாருங்க. அவ்வளவுதான்" என்றார் டைரக்டர்.

கூத்தில் எந்த வேஷமும் தான் யார் என்று சபைக்குச் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடங்காது. நானும் வரப்பில் மூன்று சுற்றுச் சுற்றி, மார்பில் அறைந்து, பேர், ஊர், பாட்டன் பேர் எல்லாவற்றையும் பக்கத்து ஊர் தளி வரைக்கும் கேட்கிற மாதிரி முழங்கினேன்.

"ஐயா, யாருகிட்ட சொல்றீங்க?"

"ஜனங்களுக்கு நான் யாருன்னு தெரிய வேணாங்களா?"

"கொல்லை போனவன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியணும்யா!"

மூஞ்சியில் காட்டினேன். புருவம் ஏறியது, உதடு துடித்தது, கண் உருண்டது. வேடிக்கை பார்த்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். (அழுகிறார்கள் என்று நினைத்தேன்.) டைரக்டர் திரும்பத் திரும்ப எடுக்க, ஏழாவது தடவை பழக்க தோஷத்தில் மறுபடி சுற்றி வரப்பிலிருந்து உருண்டு, யானை மிச்சம் வைத்த ராகியையும் நசுக்கினேன்.

முனிரத்தினம் அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தான். "எந்திரிங்க மாமா" என்று என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். நான் நசுக்கிய இடத்தில் குந்தினான். ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, கொஞ்சம் வாயில் போட்டு மென்றான். மீதியை வேட்டி மடியில் முடிந்துகொண்டான். அவ்வளவுதான். சிரித்த பெண்கள் வாயைப் பொத்தின முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு தடவை உருட்டியும் என் கண்ணில் வராதது அந்த முடிச்சில் இருந்தது.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கேமரா ஓடலையே! தம்பி, அதையே இன்னொரு தடவை செய்யிப்பா."

செய்தான். கசக்கினான், ஊதினான், மென்றான், முடிந்தான். ஒரு மூச்சு கூடவில்லை, குறையவில்லை.

கொட்டகையில் வந்தது அவன் முகம். ஓரத்தில் என் முழங்கை. மாமனார் வீடே வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. இன்றைக்கும் நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து என் மனைவி, "பேரு, ஊரு, பாட்டன் பேரு சொல்லிட்டு வாங்க" என்கிறாள். பேரன்கள் மூன்று சுற்றுச் சுற்றாமல் என் முன்னால் வருவதில்லை. பழகிவிட்டது. நானும் சேர்ந்தே சிரிக்கிறேன்.

ஆனால் டேய் முனிரத்தினம், முதல் தடவை உன் கொல்லை போன துக்கம், ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டாம் தடவை? துக்கமா, நடிப்பா? வீட்டில் கேட்டால் சிரித்துக்கொண்டே நழுவுகிறாய். வருகிற மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடும். மேடையேறி எல்லார் முன்னாலும் பதில் சொல்.

(பேர், ஊர் சொல்ல வேண்டாம். உன் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும்.)