சாந்தகுமார் போட்ட புல்

ஒரு காட்டில் எமில்டா என்றொரு புள்ளிமான் இருந்தாள். மற்ற மான்கள் சத்தம் கேட்டால் பயப்படும். எமில்டா சத்தம் கேட்காவிட்டாலும் பயப்படுவாள். தண்ணீர் குடிக்கும்போது முதலையை நினைத்துப் பயம், குடிக்காதபோது நாக்கு வறண்டு போகுமே என்று பயம். எல்லாம் தனக்காக இல்லை, ஜோவிதாவுக்காக. ஜோவிதா அவளுடைய ஒரே குட்டி. நேராக நிற்கப் பழகி நாலு மாதம் ஆகவில்லை, அதற்குள் குளம்படிக் கால்பந்துக் கழகத்தில் கோல்கீப்பராகச் சேர்ந்துவிட்டாள்.

"எல்லாரும் ஓடுற ஆட்டத்துல நீ மட்டும் ஏன்டி ஒரே எடத்துல நிக்கிற?"

"கோல்கீப்பர்னா அப்படித்தான் மம்மி."

"ஓடுற மாதிரி ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கலாம்ல."

கழகத்தின் மைதானம் ஒரு காய்ந்த புல்வெளி. முள்ளும் குழியுமாக இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஆடுகிறவர்களே மைதானத்தைத் தின்றுவிடுவார்கள். தடுக்க வேண்டியவர் மேய்ந்துகொண்டிருந்ததால் விழுந்த கோல்கள் ஏராளம். ஆனால் அந்தப் புல்லுக்கு ஒரு குணம் உண்டு. யார் கால் வைத்தாலும் சரசரவென்று சொல்லிவிடும். சாந்தகுமார் என்கிற சிறுத்தை ஓர் அடி எடுத்து வைத்ததும் இரண்டு அணியும் நடுவரும் பார்வையாளர்களும் காணாமல் போவார்கள். பந்து மட்டும் நடுவில் கிடக்கும். கழகத்தில் இதற்கு 'இடைவேளை' என்று பெயர்.

சாந்தகுமார்தான் கழகத்தின் கௌரவத் தலைவர். யாரைக் கண்டு அதிகம் பயமோ அவரைக் கௌரவத் தலைவராக்குவது அந்தக் காட்டு வழக்கம்.

ஒருநாள் அவர் தாய்மார் கூட்டத்தைக் கூட்டி, தூரத்துப் பாறையில் நின்று பேசினார்.

"சகோதரிகளே, உங்களுக்கும் புள்ளி, எனக்கும் புள்ளி. நாமெல்லாம் ஒரே குடும்பம். நம்ம பிள்ளைங்க முள்ளுல விழுந்து எந்திரிக்கிறதப் பார்த்தா எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

அது உண்மை. பல ராத்திரிகள் அவருக்குச் சாப்பாடு இறங்கியதே இல்லை.

"அதனால என் சொந்தச் செலவுல செயற்கைப் புல் போடப் போறேன். முள்ளு கெடையாது, சேறு கெடையாது. மேய முடியாது, அதனால ஆட்டம் நிக்காது."

காட்டுப்பன்றி பிலோமினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பன்றிக்குச் சேறு பிடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எட்டுப் பிள்ளைகளைக் கழுவிக் கழுவி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

எமில்டா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, அதுல நடந்தா சத்தம் கேக்குமா?"

சாந்தகுமார் புன்னகைத்தார். "கொஞ்சம்கூடக் கேக்காது சகோதரி. அதான் அதோட தரமே. நானே ராத்திரியில நடந்து பாத்துத்தான் வாங்கினேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். எமில்டாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "அப்போ ஆட்டத்தை உச்சி வெயில்ல வைங்க ஐயா, எனக்கு இருட்டு ஆகாது" என்றாள்.

"பிள்ளைங்க கறுத்துப்போகும்டி," என்றாள் பிலோமினா. "இருட்டு, இடி, இலை விழுந்தா பயம். எமி, உன்னை வச்சுக்கிட்டு ஒரு நல்ல காரியம் பண்ண முடியுதா?"

சாந்தகுமார் யோசித்தார். பகலோ இரவோ, கேட்காத சத்தம் கேட்காததுதான். "தாய்மனசு சொன்னாச் சரிதான்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

திறப்பு விழா நாள் வந்தது. புல்லுக்கே கூச்சம் வருகிற பச்சையில் மைதானம் பளபளத்தது. மரத்தின் மேல் மைக்கோடு உட்கார்ந்திருந்தது செபஸ்தி என்கிற கருங்குரங்கு. முன்பெல்லாம் ஆபத்து வந்தால் கத்திச் சொல்வது அதன் வேலை. மைக் வந்த பிறகு வர்ணனை மட்டும்தான். ஜோவிதாவின் கோலுக்குப் பக்கத்தில், நிழலில் போட்ட மேடையில் சாந்தகுமார் பொன்னாடையோடு அமர்ந்திருந்தார்.

எமில்டா கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பழக்க தோஷத்தில் குனிந்து புல்லை முகர்ந்தவள் மூக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுடி ஜோவி. அடுப்பு மாதிரி சுடுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே மம்மி." ஜோவிதா குளம்பைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க போங்க. எல்லாரும் பாக்குறாங்க."

எமில்டா தன் பயங்களின் வரிசையில் சூட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. எதிர்க் கோல் பக்கம் கார்னர் கிக். காடே அந்தப் பக்கம் கழுத்தை நீட்டியது. அப்போது மேடையில் பொன்னாடை மட்டும் நாற்காலியில் கிடந்தது.

எமில்டாவின் காதுகள் முன்னும் பின்னும் திரும்பின. ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தம் கேட்காவிட்டாலும் பயப்படுகிறவள் அல்லவா, திரும்பிப் பார்த்தாள்.

பெனால்டி கட்டத்துக்குள் சாந்தகுமார் நின்றிருந்தார். ஜோவிதாவின் வாலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு தாவல் தூரம்தான். ஜோவிதா பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எமில்டாவுக்குக் கத்த வரவில்லை.

ஆனால் சாந்தகுமாரும் தாவவில்லை. முன்னங்காலைத் தூக்கினார், உதறினார். அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். பிறகு பின்னங்கால். கடைசியில் நான்கையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்ள வழி தேட ஆரம்பித்தார்.

"இதோ நம் தலைவர்," என்றது செபஸ்தி மைக்கில், "பிள்ளைகளோடு பிள்ளையாக மைதானத்தில் இறங்கி நடனமாடுகிறார். என்ன எளிமை, என்ன எளிமை."

காடு முழுக்கக் கைதட்டியது. சாந்தகுமார் ஆடிக்கொண்டே மைதானத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியில் நான்கு கால்களையும் இறக்கினார். சுர்ரென்றது.

"மம்மி, அங்கிள் ஏன் குதிக்கிறார்?"

"சந்தோஷத்துலடி கண்ணு," என்றாள் எமில்டா. குனிந்து தன் கெட்டிக் குளம்புகளைப் பார்த்தாள். தொட்டியிலிருந்து எடுத்து நக்கப்படுகிற அந்த மெத்தென்ற பாதங்களையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்கியது.

மறுவாரமே சாந்தகுமார் மீண்டும் கூட்டம் போட்டார். காலில் இலைக்கட்டு. குரலில் தழுதழுப்பு.

"சகோதரிகளே, நான் தப்புப் பண்ணிட்டேன். பிளாஸ்டிக்குக்கு அடியில மண்ணு மூச்சு விட முடியாம தவிக்குது. மண்புழுவோட அழுகை எனக்குக் கேக்குது. இனிமே இயற்கைதான். இதைப் பிடுங்கிட்டு அசல் புல் நடுவோம். காலையும் மாலையும் தண்ணி விட்டு, மெத்து மெத்துன்னு ஈரமா வச்சுப்போம்."

"ஐயா," என்றாள் எமில்டா, "ஈரப் புல்லுல நடந்தா சத்தம் கேக்குமா?"

"ஆரம்பிச்சுட்டா," என்றாள் பிலோமினா. கூட்டம் சிரித்தது. சாந்தகுமார் சிரிக்கவில்லை.

"கேக்காது சகோதரி."

"ரொம்ப நல்லதுங்க ஐயா. ஆனா பிள்ளைங்க ஆட்டம் நிக்கக் கூடாது பாருங்க. நீங்க பக்கத்து நிலத்துல நடுங்க. நல்லா வளந்ததும் எல்லாரும் அங்க மாறிக்கிறோம்."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாந்தகுமார் முதுகு வளைய நட்டார், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். புல் தளிர்த்தது. ஆட்டம் முடிந்து பசியோடு வந்த பிள்ளைகளை எமில்டா அங்கே கூட்டிப்போனாள். மறுநாள் பிலோமினாவும் வந்து ருசி பார்த்தாள். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

சாந்தகுமார் பூச்சி தின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி நட்டார். இன்னமும் நட்டுக்கொண்டிருக்கிறார். காட்டிலேயே சிறந்த இயற்கை ஆர்வலர் என்று அவருக்கு இரண்டாவது பொன்னாடையும் போர்த்தியாயிற்று. குளம்படிக் கழகத்துப் பிள்ளைகள் வயிறு நிறையத் தின்று, உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல்லில் ஆடுகிறார்கள்.

கோலுக்குப் பின்னால் எமில்டா இப்போதும் நிற்கிறாள். வெயிலைப் பற்றிய பயம் போய்விட்டது. வானத்தில் மேகம் கூடினால்தான் கை கால் ஓடுவதில்லை.

நீதி: உங்கள் பிள்ளை ஆடும் தரையைப் பற்றி யாராவது கண் கலங்கிப் பேசினால், அவருடைய உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, உச்சி வெயிலில் வரச் சொல்லுங்கள்.